மலையில் பழகிய தனிமை

1893ஆம் ஆண்டில் தென்னாட்டு மலைத்தோட்டங்களின் துரைமார்கள் தங்களுக்கென ஒரு பொதுச்சங்கம் வேண்டுமென்று ஒன்றுகூடினார்கள். அவர்கள் கூடிய இடம் பெங்களூர். 'உபாசி' என்று இன்றும் வழங்கும் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம் இந்நகரில்தான் பிறந்தது. பிற்காலத்தில் சங்கத்தின் தலைமை அலுவலகம் குன்னூருக்குச் சென்றுவிட்டது. ஆயினும் மலைத்தோட்டங்களுக்கும் பெங்களூருக்கும் அன்று ஏற்பட்ட உறவு அறுபடவில்லை. மலையில் வாழ்நாளைக் கழித்துவிட்டு, ஓய்வுபெற்றபின் இந்நகரில் வந்து தங்கிய தேயிலைக் குடும்பங்கள் பல உண்டு. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயால் நகரமே கதவடைத்துக் கிடந்த காலத்தை அக்குடும்பங்கள் எவ்வாறு கழித்தன என்பதையும், அதற்கு முன்னோடியாக வரலாற்றில் என்னென்ன நிகழ்ந்தன என்பதையும் இங்கே நோக்குவோம்.

தோட்ட வேலையில் ஒரு விந்தை உண்டு. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் பங்களாவில் வாழ்ந்தாலும் அது சொந்த வீடு ஆகாது. முற்றத்தில் நட்ட ரோஜாவும், கொல்லையில் வளர்த்த கொய்யாவும் அடுத்து வரும் துரைக்கே உரியவை. பணி முடியும் நாளில் சாவியை ஒப்படைத்துவிட்டு மலையிறங்க வேண்டும். சிலர் கோயம்புத்தூருக்கு இறங்கினர். சிலர் குன்னூரிலேயே ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டனர். பெங்களூரை நாடியவர்களும் பலர். கடல்மட்டத்திற்கு மேல் மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் இந்நகரின் தட்பவெப்பம் மலைக்குளிருக்குப் பழகிய உடம்புக்கு ஏற்றதாக இருந்தது. நல்ல மருத்துவமனைகளும் இருந்தன. 1882இல் தோன்றிய வைட்ஃபீல்டு குடியிருப்பும், பழைய தண்டுப் பகுதியைச் சேர்ந்த ஃபிரேசர் டவுன், குக் டவுன், ரிச்மண்டு டவுன் முதலிய பேட்டைகளும் மரநிழலும் தோட்டமுமாக அவர்களை வரவேற்றன. பெரிய துரைமார் மட்டும் வந்தனர் என்பதில்லை. டீமேக்கர்களும், கண்டக்டர்களும், ஆபீஸ் எழுத்தர்களும், கணினித் தொழிலில் அமர்ந்த தம் மக்களோடு இருப்பதற்காகப் பிற்காலத்தில் இங்கே வந்து சேர்ந்தனர். அவர்களுள் தமிழர் பலர்.

இம்மக்கள் தனிமையைத் தொழிலின் ஒரு பகுதியாகவே பயின்றவர்கள். வால்பாறையிலோ, மூணாற்றிலோ, மேகமலையிலோ சின்னதுரையாகப் பணியேற்ற இளைஞர் விடியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். மாலையில் பங்களாவுக்குத் திரும்பினால் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. அடுத்த துரையின் பங்களா சில மைல்களுக்கு அப்பால் இருக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மரம் விழுந்தும் மண் சரிந்தும் பாதை அடைபடும். மின்சாரம் நாட்கணக்கில் நின்றுபோகும். ஆகவே தோட்டத்துக் குடும்பங்கள் மழைக்கு முன்பே அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் மெழுகுவர்த்தியும் சேமித்து வைக்கும். கொல்லையில் முட்டைக்கோசும் பீன்சும் காரட்டும் விளையும். ஊறுகாயும் பழப்பாகும் வீட்டிலேயே போட்டாகும். ரொட்டியும் வீட்டு அடுப்பிலேயே வேகும். பிள்ளைகள் தொலைவிலுள்ள விடுதிப் பள்ளிகளில் படிப்பார்கள். கடிதமே அவர்களோடு பேசும் வழி. இரவில் வானொலிப் பெட்டியில் இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டுக் கேட்டால் அதுவே ஒரு விருந்து.

மலையின் தனிமை எத்தகையது என்பதற்கு 1924ஆம் ஆண்டு சான்று பகரும். அவ்வாண்டு ஜூலையில் பெய்த பெருமழையில் மூணாறு நகரமே சிதைந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிற்றிரயில் பாதையை வெள்ளம் அழித்தது. அப்பாதை மீண்டும் போடப்படவேயில்லை. தேயிலையைக் கீழே அனுப்பவும் அரிசியை மேலே கொணரவும் புது வழிகள் வகுக்க வேண்டியதாயிற்று. 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று மலையாள ஆண்டு 1099ஐக் கொண்டு அதனை இன்றும் மக்கள் நினைவுகூர்கின்றனர். உலகத்தோடு தொடர்பற்றுப் போவது மலைவாழ்வில் எந்த ஆண்டும் நேரக்கூடியது என்பதை அவ்வெள்ளம் கற்பித்தது.

இங்கே ஓர் உண்மையை நாம் மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும். பங்களாவின் தனிமை பலருடைய உழைப்பின்மேல் அமைந்த தனிமை. மழையிலும் பனியிலும் பல மைல் நடந்து கடிதப்பை கொணர்ந்த தபால்காரர், அடுப்பை அணையாமல் காத்த சமையற்காரர், நள்ளிரவிலும் அழைத்தவுடன் வந்த தோட்டத்துக் கம்பவுண்டர், சரிந்த மண்ணை வெட்டிப் பாதை திறந்த தொழிலாளர் ஆகிய இத்தனை பேரும் இருந்ததனால்தான் துரையும் துரைசானியும் அங்கே தனித்திருக்க முடிந்தது. அதே மலையில், சற்றுக் கீழே, லயத்து வரிசையில் ஒற்றை அறையில் ஐவரும் அறுவரும் வாழ்ந்தனர். அவர்களுக்குத் தனிமை என்ற பொருளே கிட்டியதில்லை. ஒரே மழை, ஒரே மண்சரிவு, ஆனால் இரு வேறு வாழ்க்கை.

இனி நகரத்தின் பழைய கதையைக் காண்போம். 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் 1898 ஆகஸ்டு மாதத்தில் இரயில் வழியாகப் பெங்களூரை வந்தடைந்தது. நோயை அடக்குவதற்காக 1897 பிப்ரவரியில் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம் அதிகாரிகளின் கையில் இருந்தது. நோய் கண்ட வீடுகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர்; ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்டனர்; வீடுகள் மருந்திட்டுக் கழுவப்பட்டன. அயலூர்ப் பயணிகள் சோதிக்கப்பட்டனர். 1891இல் ஏறத்தாழ 1,80,000ஆக இருந்த பெங்களூரின் மக்கள்தொகை 1901இல் ஏறத்தாழ 1,59,000ஆகக் குறைந்தது. மாண்டவர் ஒரு பங்கு. அஞ்சி ஓடியவர் ஒரு பங்கு.

அன்று தண்டுப் பகுதியில் மிகுதியாக வாழ்ந்தவர் தமிழரே. 1809இல் ஆங்கிலேயர் அமைத்த படைத்தண்டுடன் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த வணிகரும், கைவினைஞரும், கூலியாட்களும் அல்சூரிலும், இன்று சிவாஜிநகர் என வழங்கும் பகுதியிலும் நெருங்கிக் குடியிருந்தனர். நெருக்கமான வீடுகளில் நோய் எளிதில் பரவிற்று. கொட்டகைக்குச் சென்றவர் திரும்புவாரோ மாட்டாரோ என்ற அச்சத்தால் நோயாளிகளை மறைத்து வைத்தவரும் உண்டு. மக்கள் தம் அச்சத்தைத் தெய்வத்தினிடம் ஒப்புவித்தனர். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் எழுந்தது போலப் பெங்களூரிலும் பிளேக்கம்மன் கோயில்கள் எழுந்தன.

அந்நோயின் பயனாக நகரம் சில நன்மைகளையும் பெற்றது. மல்லேசுவரமும் பசவனகுடியும் அகன்ற தெருக்களோடு வளர்ந்தன. விக்டோரியா மருத்துவமனை 1900 டிசம்பரில் திறக்கப்பட்டது. இன்று புலிகேசி நகர் என்றும் பெயர் பெற்ற ஃபிரேசர் டவுன், எலிகள் நுழையாத வண்ணம் வீடுகள் அமைக்க வேண்டும் என்ற விதியோடு 1906க்குப்பின் உருவாயிற்று. அதனைத் திட்டமிட்ட பொறியாளர் ஸ்டீபன்ஸ், பிளேக் தாக்காத நகரமைப்பைப் பற்றி 1914இல் ஒரு நூலே எழுதினார். ஓய்வுபெற்ற தோட்டத்தார் பிற்காலத்தில் விரும்பி வந்து குடியேறிய பேட்டைகளில் இதுவும் ஒன்று. காற்றோட்டமும் வெளிச்சமும் நிறைந்த அந்தத் தெருக்கள் நோய்க்கு அஞ்சிய ஒரு தலைமுறை நமக்கு விட்டுச்சென்ற செல்வம் என்பதை அங்கு நடப்போர் பலர் அறியார்.

தேயிலைத் தொழிலாளரும் அக்காலத்திலிருந்தே இத்தகைய காவலை நன்கு அறிந்தவர்கள். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் கப்பலேறுமுன் இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. காலராவும் அம்மையும் தீவுக்குள் நுழையாமல் இருக்க, அங்கே அவர்களைச் சில நாள் மருத்துவக் கண்காணிப்பில் வைத்து, உடையையும் உடைமையையும் தூய்மை செய்து, பிறகே அனுப்புவார்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய இலட்சக்கணக்கான தோட்டக் குடும்பங்களுள் பல, அதே மண்டபம் வழியாகத்தான் வந்தன. அவர்களுக்கு வேலை தருவதற்காக நீலகிரியில் 1968இல் தமிழக அரசு தேயிலை பயிரிடத் தொடங்கிற்று. கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் பகுதிகளின் ரப்பர்த் தோட்டங்களில் பல குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. துரைக்குத் தனிமை பங்களாவாக வந்தது; தொழிலாளிக்கு அது முகாமாக வந்தது.

இந்தப் பின்னணியோடு 2020ஆம் ஆண்டைப் பார்ப்போம். மார்ச்சு மாதத் தொடக்கத்தில் பெங்களூரில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். 11ஆம் நாள் கர்நாடக அரசு, அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விதிகளை வகுத்தது. 22ஆம் நாள் மக்கள் ஊரடங்கு. 25ஆம் நாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. இரயில்கள் நின்றன, விமானங்கள் நின்றன. அயல்நாட்டிலிருந்து வந்தவர்களின் கையில் மை முத்திரை குத்தப்பட்டது. அவர்களுடைய வீட்டு வாயிலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் நோய் கண்ட வீட்டைத் தனித்துக் குறித்த வழக்கம் வேறு உருவில் மீண்டு வந்தது போலும்.

முதற் சில வாரங்களில் ஓய்வுபெற்ற தோட்டத்தார் பலர் கலங்கவில்லை. மழைக்காலத்துக்குப் பண்டம் சேமித்த கைகள் அவர்களுடையவை. வீட்டு மாடியில் தொட்டிகளை அடுக்கிக் கீரை விதைத்தனர். ரொட்டி சுடும் கலையை அண்டை வீட்டாருக்கும் தொலைபேசி வழியே கற்பித்தனர். விடியற்காலை எழுதல், நேரந்தவறாத உணவு, மாலையில் கணக்கும் நாட்குறிப்பும் எழுதுதல் ஆகிய பழைய ஒழுங்குகள் அவர்களைத் தாங்கின. "இது எங்களுக்கு ஒரு நீண்ட மழைக்காலம்" என்பதே அவர்களில் பலரது மனநிலையாக இருந்தது.

உடல் பெங்களூரில் இருந்ததே தவிர உள்ளம் மலையில் இருந்தது. ஏப்ரல், மே மாதங்கள் தென்னிந்தியத் தேயிலைக்குக் கொழுந்து பொங்கும் பருவம். தேயிலைச் செடிக்கு ஊரடங்கு தெரியாது. பத்துப் பதினைந்து நாளுக்கொருமுறை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தாக வேண்டும். பறிக்காவிட்டால் கொழுந்து முற்றிக் கரட்டு இலையாகிவிடும். பிறகு செடியையே வெட்டிச் சமன்செய்ய நேரும். பறிக்க ஆளில்லாமல் தோட்டங்கள் நின்ற செய்தியைக் கேட்டு வருந்திய முதியவர்கள், தம் பழைய எழுத்தர்களையும் கங்காணிகளையும் தொலைபேசியில் அழைத்து, "ரவுண்டு எத்தனை நாள் பின்தங்கிவிட்டது?" என்று கேட்டறிந்தனர். ஏப்ரல் 20 முதல் பாதித் தொழிலாளரைக் கொண்டு தோட்டங்களை நடத்தலாம் என்று மத்திய அரசு இசைந்தபோதுதான் அவர்கள் மனம் ஆறிற்று. நகரத்து வீட்டில் ஒரு கோப்பைத் தேநீர் கொதிக்கும்போது அதன் பின்னால் எத்தனை விரல்கள் உள்ளன என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

வாரங்கள் மாதங்களாயின. அப்பொழுதுதான் மலைத் தனிமைக்கும் நகரத் தனிமைக்கும் உள்ள வேற்றுமை தெரியலாயிற்று. மலையில் பாதை அடைபட்டாலும் பங்களாவின் கதவு திறந்தே இருந்தது. புல்வெளியில் நடக்கலாம், தோட்டத்தைச் சுற்றலாம். அடுக்குமாடி வீட்டிலோ நான்கு சுவர்களும் ஒரு பால்கனியும் மட்டுமே. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வீட்டைவிட்டு வெளிவரலாகாது என்று அரசு அறிவுறுத்தியது. மற்றவர்களுக்குக் கட்டுப்பாடு தளர்ந்த பின்னும் முதியவர்களுக்கு அது தளரவில்லை. ஜூலையில் பெங்களூருக்கு மட்டும் மீண்டும் ஒரு வார ஊரடங்கு வந்தது.

பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்தனர். ஒருகாலத்தில் விடுதிப் பள்ளியிலிருந்து வரும் கடிதத்துக்குக் காத்திருந்த தாய், இப்பொழுது கைப்பேசித் திரையில் பேரப்பிள்ளையின் முகத்துக்குக் காத்திருந்தாள். கூடலூரிலோ குன்னூரிலோ நெடுநாள் நண்பர் மறைந்தால் அத்திப்பள்ளியையும் பந்திப்பூரையும் கடந்து செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். இறுதிச் சடங்கில் இருபது பேருக்குமேல் கூடவும் கூடாது. ஒரே தோட்டத்தில் பிரட்டு எடுத்தவர்கள் ஒருவரையொருவர் வழியனுப்ப முடியாமற் போனது அக்காலத்தின் பெருந்துயரம். அயல்மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம்மில் இத்துயரை அறியாத வீடு அரிது.

இவற்றினும் ஆழமான ஒரு பாடமும் இருந்தது. வீட்டுப் பணிக்கு வரும் பெண் முதல் வாரத்திலேயே நின்றுவிட்டாள். அவளாக நிற்கவில்லை; பேருந்து நின்றது, குடியிருப்பின் வாயில் மூடியது. சமையலையும் பாத்திரத்தையும் துணியையும் எழுபது வயதுத் தம்பதியர் தாமே பார்த்துக்கொண்டனர். நந்தினிப் பால் கடையும் ஹாப்காம்ஸ் காய்கறிக் கடையும் திறந்திருந்தும், அங்கே சென்றுவர அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. வாயிற்காவலரும், மருந்துக்கடைப் பையனும், எதிர்வீட்டு இளைஞரும் அப்பொழுது கைகொடுத்தனர். மலையில் எத்தனை கைகள் தம்மைத் தாங்கி நின்றன என்பது அங்கே இருந்த நாளைவிட, நகரத்தில் அக்கைகள் இல்லாத நாளில் நன்கு விளங்கிற்று. நின்றுபோன பணிப்பெண்ணுக்கு மாதச் சம்பளத்தை நிறுத்தாமல் அனுப்பிய வீடுகளும் உண்டு. அனுப்பாத வீடுகளும் உண்டு. ஒரு குடும்பம் அவ்வடைப்பிலிருந்து எதைக் கற்றுக்கொண்டது என்பதை அறிய இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அப்பால் இராஜமலைக்கு அருகேயுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து லயத்து வரிசைகளை மூடியது. எழுபது உயிர்கள் மடிந்தன. அனைவரும் தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தார், தமிழர். பலருடைய பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கம். மழையால் தொடர்பு அறுந்திருந்தமையின் செய்தி மறுநாட் காலையில்தான் வெளியுலகை எட்டியது. நோய்க்காக உலகம் வீட்டுக்குள் அடங்கியிருந்த அதே காலத்தில், வீட்டுக்குள் உறங்கியவர்களை அவ்வீடே மூடிக்கொண்டது. 'வீட்டில் இருங்கள், நலமாக இருங்கள்' என்ற அறிவுரை எல்லா வீட்டுக்கும் ஒன்றாகப் பொருந்துவதில்லை என்பதை இதனினும் கொடிதாக எந்நிகழ்ச்சியும் உணர்த்த முடியாது. அம்மலைகளில் வாழ்ந்து இறங்கிய பெங்களூர்க் குடும்பங்களுக்கு அவ்விடத்தின் பெயர் வெறும் செய்தியாக இருந்திருக்க இயலாது.

2021 மார்ச்சு முதல் நாளிலிருந்து அறுபது வயது கடந்தவர்களுக்குத் தடுப்பூசி கிடைத்தது. ஆயினும் ஏப்ரல், மே மாதங்களில் எழுந்த இரண்டாம் அலை பெங்களூரைக் கடுமையாகத் தாக்கிற்று. படுக்கைக்கும் உயிர்வளிக்கும் மக்கள் அலைந்தனர். இடுகாடுகள் நிரம்பி, நகரத்துக்கு வெளியே திறந்தவெளியில் சிதைகள் எரிந்தன. மலைவாழ்வின் எந்தப் பழக்கமும் அப்பொழுது தனித்து நின்று உதவவில்லை. உதவியவை தொலைபேசி எண்களும், அவற்றின் மறுமுனையில் இருந்த மனிதர்களுமே. ஒரு காலத்தில் ஒரே மலைவட்டாரத்தில் பணிபுரிந்தோர் நாள்தோறும் ஒருவரையொருவர் அழைத்து நலம் விசாரித்தனர். தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டு, நகரத்தில் இப்படிப் புத்துயிர் பெற்றது எனலாம். அழைத்தவர் குரல் கொடுத்தால் மகிழ்ச்சி; குரல் வராவிட்டால் அடுத்த தெருவில் இருப்பவரை அனுப்பிப் பார்ப்பது வழக்கமாயிற்று.

இம்மூன்று காலங்களையும் சேர்த்து நோக்கும்போது நமக்கு விளங்குவது யாது? நோய்க்குக் கதவடைப்பது சில வேளைகளில் இன்றியமையாதது. 1898இல் கொட்டகைக்குச் செல்ல மக்கள் அஞ்சியதற்குக் காரணம், அங்கே தம்மை யார் பார்த்துக்கொள்வார் என்ற ஐயமே. மண்டபத்தில் காவலில் இருந்த தொழிலாளி தன் விருப்பத்தைக் கேட்பார் இல்லாமல் இருந்தான். 2020இல் பெங்களூரின் முதியவர்கள் உயிர் பிழைத்தது கதவினால் மட்டுமன்று; கதவுக்கு வெளியே பால் வைத்துச் சென்றவராலும், மருந்து கொணர்ந்தவராலும், வாயிலில் நின்று காத்தவராலும் ஆகும். கதவை அடைப்பது சட்டத்தின் வேலை. அடைபட்ட கதவுக்கு இருபுறமும் இருப்போர் ஒருவரையொருவர் மறவாதிருப்பது சமுதாயத்தின் வேலை.

மொழி வேறான மாநிலத்தில் வாழும் நமக்கு இது மேலும் பொருந்தும். நம் முன்னோரில் பலர் கங்காணியின் பின்னால் மலையேறியவர்கள். பலர் படைத்தண்டின் பின்னால் பெங்களூர் வந்தவர்கள். இன்று நீலகிரி, வால்பாறைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் மக்கள் வருகின்றனர். ஊரடங்கில் ஊர் திரும்ப வழியின்றி அவர்கள் தவித்த தவிப்பு, நம் பாட்டனார் மண்டபத்தில் தவித்த தவிப்பேயாகும். மறுமுறை ஒரு நோய் வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தால், நம் தெருவில் தனித்து வாழும் முதியவர் யார், நம் வீட்டுக்கு உழைப்பவரின் வீட்டில் அன்று உலை கொதித்ததா என்ற இரண்டு கேள்விகளையும் முதல் நாளிலேயே கேட்போமாக.